ஆக்சிஜன் அறையும் ஆய்வு அறையும்: இரத்தப் புற்றுநோயின் முன்னே நமது பொறுப்பு



கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் வாழ்வோருக்கு ஆக்சிஜன் என்பது புதிய சொல் அன்று. கறுப்பு நிறச் சிலிண்டர்களை அடுக்கிய லாரிகள் நம் தெருமுனைகளை அன்றாடம் கடந்து செல்கின்றன. உருக்காலைகளிலும் கம்பி உருட்டும் ஆலைகளிலும் இரும்பை வெட்டும் சுடருக்கு அதுவே உணவு. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், சில துறைகளைத் தவிர மற்ற தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் வழங்குவதை மத்திய அரசு நிறுத்தி, அதை மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டபோது, இரும்பை வெட்டும் அதே வாயுதான் மனிதனின் மூச்சையும் தாங்குகிறது என்பதைக் கண்ணீரோடு உணர்ந்தோம்.

இப்போது அதே சொல் வேறொரு வாசல் வழியாக நம் இல்லங்களுக்குள் நுழைகிறது. அண்மையில் ஜும்ஆ முடிந்தபின் நம் பள்ளிவாசலில் ஒரு தந்தை இமாமிடம் வந்து நின்றார். ஆலைத் தொழிலாளி. அவருடைய மகனுக்கு இரத்தப் புற்றுநோய். கீமோதெரபியால் நோய் அடங்கியிருக்கிறது. அடுத்து ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் கூறியுள்ளனர். இதற்கிடையில் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தார். அழுத்தம் கூட்டிய அறையில் படுத்து ஆக்சிஜனைச் சுவாசித்தால் ஸ்டெம் செல்கள் பெருகும், மாற்று சிகிச்சை தவறாமல் வெற்றி பெறும் என்பது அதன் சாரம். நாற்பது அமர்வுகளுக்கு ஒரு பெருந்தொகையும் குறிக்கப்பட்டிருந்தது. "ஹஜ்ரத், இதைச் செய்யாமல் விட்டுவிட்டால் நாளை மறுமையில் என் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு முன்னால் நாம் அனைவரும் சற்று நேரம் மௌனமாகிப் போனோம். அது ஒரு தந்தையின் கேள்வி மட்டுமன்று. நம் சமுதாயம் முழுவதும் சிந்திக்க வேண்டிய கேள்வி. அதற்கு நேர்மையான விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

மாற்று சிகிச்சை என்றால் என்ன?

நம் எலும்புகளின் உட்புறத்தில் மஜ்ஜை இருக்கிறது. இரத்தத்தின் எல்லா அணுக்களும் அங்கிருந்தே பிறக்கின்றன. அவற்றைப் பெற்றுத் தரும் மூல அணுக்களே ஸ்டெம் செல்கள். சில வகை இரத்தப் புற்றுநோய்களில் சாதாரண மருந்து மட்டும் போதுமானதாக இருப்பதில்லை. அப்போது கடுமையான மருந்தாலோ கதிர்வீச்சாலோ நோயுற்ற மஜ்ஜையை ஒழித்துவிட்டு, நல்ல ஸ்டெம் செல்களை உடலுக்குள் செலுத்துகின்றனர். அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. இரத்தம் ஏற்றுவதைப் போலவே நரம்பு வழியாக ஒரு பை ஏற்றப்படுகிறது. அவ்வளவே வெளியில் தெரிவது. உள்ளே நிகழ்வதோ வியப்புக்குரியது. இரத்த ஓட்டத்தில் விடப்பட்ட அந்த அணுக்கள், எவரும் வழிகாட்டாமலே எலும்பு மஜ்ஜையைத் தேடிச் சென்று, அங்கே குடியேறி, புதிய இரத்தத்தைப் படைக்கத் தொடங்குகின்றன. படைத்தவனின் வல்லமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? சுப்ஹானல்லாஹ்!

இந்தக் குடியேற்றத்திற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் நோயாளியின் உடலில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாமல் போகின்றன. ஒரு சாதாரணச் சளிகூட உயிரைப் பறித்துவிடக்கூடிய காலம் அது. அணுக்கள் எவ்வளவு விரைவாகக் குடியேறுகின்றனவோ அவ்வளவு பாதுகாப்பு. ஆகவேதான் அந்த வேகத்தைக் கூட்டும் வழிகளை உலகெங்கும் ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர்.

இந்தச் சிகிச்சைக்கு நம் நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடைபெற்றது. 1986இல் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அது தொடங்கியது. 1988இல் பாரிஸ் நகரில், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த அணுக்களைக் கொண்டு அதன் உடன்பிறந்த சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அதுவரை வீணாக எறியப்பட்ட ஒன்றிலிருந்து ஓர் உயிர் காக்கப்பட்டது. ஆனால் தொப்புள்கொடி இரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை குறைவு. எனவே பெரியவர்களின் உடலில் அது குடியேறத் தாமதமாகிறது. ஆக்சிஜன் பற்றிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வு உண்மையில் சொல்வது என்ன?

அந்த விளம்பரம் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. முழுப் பொய்யாக இருந்தால் மறுப்பது எளிது. உண்மையின் ஒரு துணுக்கை எடுத்து அதன்மேல் வணிகம் கட்டப்படும்போதுதான் மக்கள் ஏமாறுகின்றனர். ஆதலால் அந்த உண்மைத் துணுக்கை முதலில் அறிவோம்.

நம் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடலில் ஆக்சிஜன் குறையும்போது அதன் அளவு உயர்ந்து, சிவப்பணுக்களை உருவாக்குமாறு மஜ்ஜைக்கு ஏவுகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஓமர் அல்ஜிதாவி தலைமையிலான குழுவினர் ஒன்றைக் கவனித்தனர். இந்த ஹார்மோன் மிகுந்திருக்கும்போது தொப்புள்கொடி ஸ்டெம் செல்கள் மஜ்ஜையை நோக்கிச் செல்லும் நாட்டம் குறைகிறது. அப்படியானால் அணுக்களைச் செலுத்துவதற்குச் சற்று முன்னர் அந்த ஹார்மோனைத் தணித்துவிட்டால் என்ன? உயர் அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது சில மணி நேரத்திற்குத் தணியும். முதலில் எலிகளிடம் பார்த்தனர். பின்னர் 15 நோயாளிகளிடம் பார்த்தனர். தொப்புள்கொடி அணுக்களைச் செலுத்துவதற்கு ஆறு மணி நேரம் முன்பு, இயல்பான காற்றழுத்தத்தைப் போல் இரண்டரை மடங்கு அழுத்தமுள்ள அறையில், இரண்டு மணி நேரம் அவர்கள் ஆக்சிஜனைச் சுவாசித்தனர். கடலில் ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்தில் உடல் உணரும் அழுத்தம் அது. மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கிய நம் முன்னோருக்கு அந்த ஆழம் பழக்கமானது.

2016இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு நம்பிக்கை தந்தது. ஹார்மோனின் அளவு குறைந்தது; நோயாளிகள் சிகிச்சையைத் தாங்கிக்கொண்டனர்; அணுக்கள் குடியேறுவதில் முன்னேற்றத்திற்கான அறிகுறிகளும் தென்பட்டன. அதன்பின் தம் சொந்த ஸ்டெம் செல்களையே திரும்பப் பெறும் நோயாளிகளிடமும் இது சோதிக்கப்பட்டது.

ஆனால் இங்கே நிதானிக்க வேண்டும். அது நாற்பது அமர்வு அன்று. ஒரே ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் செய்யப்பட்டது. அதன் நோக்கம் புற்றுநோயைக் குணப்படுத்துவதும் அன்று, ஸ்டெம் செல்களைப் பெருக்குவதும் அன்று. செலுத்திய அணுக்கள் வீடு சேர உதவுவது மட்டுமே. நோயாளிகள் 15 பேர்தான். அவர்களை ஒப்பிட்டதும் முன்னர் வேறு காலத்தில் சிகிச்சை பெற்றவர்களோடுதான். குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து அன்று. இது ஒரு நல்ல கேள்வியின் தொடக்கம். மருந்துச்சீட்டில் எழுதும் விடையாக அது இன்னும் ஆகவில்லை.

உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை பயனற்றது என்றும் நாம் சொல்லவில்லை. ஆழ்கடலிலிருந்து விரைந்து மேலேறியவருக்கு ஏற்படும் பாதிப்பு, கார்பன் மோனாக்சைடு நச்சு, ஆறாத சர்க்கரை நோய்ப் புண்கள், கதிர்வீச்சால் சிதைந்த திசுக்கள் போன்றவற்றிற்கு அது ஏற்கப்பட்ட சிகிச்சை. மாற்று சிகிச்சைக்குப் பின் சிறுநீர்ப்பையில் இரத்தம் கசியும் சிலருக்கும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தியுள்ளனர். ஒரு நோய்க்குப் பயன்படும் மருந்து எல்லா நோய்க்கும் பயன்படும் என்று எண்ணுவதுதான் பிழை.

"செய்து பார்ப்பதில் என்ன கேடு?"

பலரும் எழுப்பும் வினா இது. காற்றுதானே, சுவாசித்தால் என்ன ஆகிவிடும் என்கின்றனர். மருந்தின் வேலையைச் செய்யும் ஆற்றல் உள்ள எதற்கும் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு. உயரழுத்த அறையில் செவிப்பறை கிழியலாம், நுரையீரல் பாதிக்கப்படலாம், அரிதாக வலிப்பு வரலாம். ஆக்சிஜன் நிறைந்த மூடிய அறையில் ஒரு தீப்பொறி எத்தகைய பேரழிவை உண்டாக்கும் என்பதை வெட்டும் சுடரோடு வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கீமோதெரபியால் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும் ஒரு பிள்ளையை வாரக்கணக்கில் வெளியே அழைத்துச் சென்று பலர் புழங்கும் அறையில் படுக்க வைப்பதே பெரிய ஆபத்து. புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் சில, உயரழுத்த ஆக்சிஜனோடு சேரும்போது நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கக்கூடியவை. எனவே சிகிச்சை அளிக்கும் இரத்தவியல் மருத்துவரின் அறிவின்றி இதைச் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பதற்குச் சமம்.

இன்னொரு கேடு பணத்தில் இருக்கிறது. மாற்று சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும். தூய்மையான உணவு வேண்டும். தொற்றுகளுக்கு மருந்து வேண்டும். நகையை விற்றுத் திரட்டிய தொகையை ஆக்சிஜன் அறைக்குக் கொடுத்துவிட்டு, உண்மையில் உயிர் காக்கும் அந்த மாதங்களில் கையை விரித்து நிற்கும் நிலை வந்தால் என்ன செய்வது?

சோதனையும் விற்பனையும்

இவை இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து. முறையான ஆய்வு வேறு. ஆய்வின் பெயரால் நடக்கும் விற்பனை வேறு. நம் சமுதாயத்தில் இரண்டு எதிரெதிரான பிழைகள் காணப்படுகின்றன. ஒரு சாரார் ஆய்வு என்றாலே "நம்மை எலியாக்கிப் பார்க்கிறார்கள்" என்று அஞ்சி ஓடுகின்றனர். மற்றொரு சாரார் புதியது என்றாலே சிறந்தது என்று நம்பி விளம்பரத்தின் பின்னே ஓடுகின்றனர். இரண்டுமே அறியாமையின் விளைவு.

ஒப்பிட்டுச் சோதித்து அறிவது நமக்கு அந்நியமான முறை அன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவம் செய்த அபூபக்ர் அர்ராஸீ, மூளைச் சவ்வு அழற்சியின் அறிகுறி கண்ட நோயாளிகளுள் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை அளித்து, மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அளிக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டதைப் பதிவு செய்துள்ளார். அவருடைய சிகிச்சை இன்று கைவிடப்பட்டுவிட்டது. ஆனால் ஒப்பிடாமல் உறுதி கூறக்கூடாது என்ற அவருடைய நெறி நிலைத்து நிற்கிறது. இன்றைய குலுக்கல் முறை ஆய்வுகள் அந்நெறியின் முதிர்ந்த வடிவமே.

நம் நாட்டில் இதற்குச் சட்டங்கள் உள்ளன. மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் 2019இல் நடைமுறைக்கு வந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்கள் உள்ளிட்ட ஏற்கப்பட்ட நோய்களுக்கான மஜ்ஜை வழி மாற்று சிகிச்சையை மட்டுமே வழக்கமான சிகிச்சையாக ஏற்கின்றன. ஸ்டெம் செல்லின் பிற பயன்பாடுகள் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடைபெற வேண்டும் என்கின்றன. ஆகவே எவரேனும் ஒரு புதிய சிகிச்சையை முன்வைத்தால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

இது வழக்கமான சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் அதன் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? ஒப்புதல் படிவம் நமக்குப் புரியும் தமிழில் இருக்கிறதா, அதைப் படித்துச் சிந்திக்க அவகாசம் தருகிறார்களா? ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு? நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தடையின்றித் தொடருமா? இறுதியாக, சோதிக்கப்படும் அந்தச் சிகிச்சைக்கு நம்மிடம் பணம் கேட்கிறார்களா?

இந்தக் கடைசிக் கேள்வியே பெரும்பாலும் திரையை விலக்கிவிடும். நேர்மையான ஆய்வு, தான் சோதிக்கும் சிகிச்சையை நோயாளியிடம் விலைக்கு விற்காது. வெற்றியை உறுதி கூறாது. "எங்களுக்கு இன்னும் தெரியாது, அதனால்தான் ஆராய்கிறோம்" என்று சொல்லும் மருத்துவரை நாம் நம்பலாம். "நூறு சதவீதம் குணம்" என்பவரிடமிருந்து விலகி நிற்க வேண்டும். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவிப்பவர் அதற்குப் பொறுப்பாளி என்பது நம் நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த நெறி. அந்தப் பொறுப்பில், சரிபாராமல் விளம்பரத்தைப் பரப்பும் நமக்கும் பங்கில்லை என்று துணிந்து கூற முடியுமா? நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் இத்தகைய விளம்பரங்களை நாமே பலமுறை பகிர்ந்திருக்கிறோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

உண்மையான ஆய்வு ஒன்றில் பங்கேற்கும் வாய்ப்பு வந்தால், மேற்கண்ட கேள்விகளுக்குத் தக்க விடை கிடைத்தால், அஞ்ச வேண்டியதில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஒவ்வொரு மருந்தும், நேற்று யாரோ ஒரு நோயாளி ஆய்வுக்கு உடன்பட்டதால் கிடைத்ததே. அவர் எந்த நாட்டவர், எந்த மார்க்கத்தவர் என்று நாம் அறியோம். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைத் தீர்க்கும் வாய்ப்பாகவும் அதைக் கருதலாம். ஏற்பதும் மறுப்பதும் அந்த நோயாளியின், அவர் சிறாராயின் பெற்றோரின் உரிமை.

நம் கையில் இருப்பது

ஆக்சிஜன் பற்றிய ஆய்வு என்றேனும் முடிவு காணட்டும். அதுவரை, ஐயத்திற்கு இடமின்றிப் பயன் தரும் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. அது கொடை.

ஒருவருக்குத் தம் உடன்பிறந்தவர் ஒவ்வொருவரோடும் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். வீட்டில் பொருத்தம் அமையாதவர்கள் வெளியாரையே நாட வேண்டும். பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளி மக்களிடையேதான் அமைகிறது. பழவேற்காட்டில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் நம் குடும்பங்களுக்கும், பொன்னேரி, மீஞ்சூர், திருவள்ளூர் மஹல்லாக்களுக்கும் பொருத்தமானவர் ஐரோப்பாவில் கிடைப்பதைவிட அடுத்த தெருவில் கிடைக்கும் வாய்ப்பே மிகுதி. ஆனால் அடுத்த தெருவில் இருப்பவர் பதிவு செய்திருக்க வேண்டுமே! சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி என்னும் கொடையாளர் பதிவகம் 2009 முதல் இயங்கி வருகிறது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுப்பதோடு பதிவு முடிந்துவிடுகிறது. பின்னாளில் பொருத்தம் கண்டால், ஐந்து நாள் ஊசிக்குப் பின், இரத்தம் தருவதைப் போலவே சில மணி நேரத்தில் ஸ்டெம் செல்கள் சேகரிக்கப்படும். கொடுத்ததை உடல் தானே ஈடு செய்துகொள்ளும்.

மார்க்கத்தில் இதற்கு அனுமதி உண்டா என்று சிலர் கேட்கின்றனர். மக்காவில் உள்ள உலக முஸ்லிம் லீக்கின் இஸ்லாமிய ஃபிக்ஹு சபை 2003இல் கூடி, பெரியவர்களிடமிருந்து அவர்களுக்குத் தீங்கு நேராத வகையிலும், நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி இரத்தம் ஆகியவற்றிலிருந்தும் ஸ்டெம் செல்களை எடுத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவதை அனுமதித்துள்ளது. ஓர் உயிரை வாழவைப்பதை மனித குலம் முழுவதையும் வாழவைப்பதோடு ஒப்பிடும் வேதத்தைக் கொண்ட சமுதாயம் இதில் தயங்கலாமா?

தயக்கம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தத் தந்தையின் வீட்டில் மகனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவளுக்குப் பரிசோதனை செய்யலாம் என்றதும் உறவினர் சிலர் குறுக்கிட்டனர். "நாளை நிகாஹ் ஆக வேண்டிய பெண்பிள்ளை, மஜ்ஜை கொடுத்தவள் என்று பேர் வந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்றனர். சகோதரர்களே, கொடை தருவதால் தாய்மைக்கு எக்குறையும் நேர்வதில்லை. தன் உடன்பிறந்தவனின் உயிருக்குத் துணை நின்ற பெண்ணைக் குறையுள்ளவள் என்று எண்ணும் வீட்டிற்கு அவளை அனுப்பாதிருப்பதே நன்று. இப்பேச்சை வளரவிடாமல் தடுப்பது ஜமாஅத் பெரியவர்களின் கடமை. அதே வேளை, கொடுப்பவரின் மனம் முழுமையாக உடன்பட வேண்டும். கட்டாயப்படுத்திப் பெறுவது கொடை ஆகாது. உடன்பிறந்தவரிடம் பொருத்தம் அமையாவிட்டாலும், பாதிப் பொருத்தமுள்ள தாயோ தந்தையோ கொடுக்கும் முறை இன்று வளர்ந்துள்ளது. நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

தொப்புள்கொடி இரத்தத்தைப் பெரும் கட்டணம் பெற்றுச் சேமித்து வைக்கும் தனியார் விளம்பரங்களையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைக்கு அதன் சொந்தத் தொப்புள்கொடி அணுக்கள் பொதுவாகப் பயன்படுத்தப்படுவதில்லை. நோயின் விதை அவற்றிலும் இருக்கக்கூடும். பிள்ளையின் எதிர்காலச் சொந்தப் பயனுக்காக அவற்றைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலைப்பாடு.

ஜமாஅத் செய்யக்கூடியவை

பைத்துல்மால் நிதியிலிருந்து மருத்துவ உதவி வழங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் பணத்தைவிட முதலில் தேவைப்படுவது வழிகாட்டுதல். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் ஆலைத் தொழிலாளர் இஎஸ்ஐ திட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அந்த உரிமை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. இவற்றை அறியாமல் கடன் வாங்கியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர் இருவர் இப்பணியை ஏற்கட்டும். மருத்துவரைச் சந்திக்கும்போது உடன் சென்று, கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளட்டும். 2022 முதல் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நீடித்த காய்ச்சல், காரணமற்ற சோர்வு, உடலில் தானாகத் தோன்றும் கன்றிய தழும்புகள், ஈறில் இரத்தக் கசிவு ஆகியவற்றைக் கண்டால் ஓர் எளிய இரத்தப் பரிசோதனைக்குத் தாமதிக்கக்கூடாது.

தொழிற்பேட்டையில் வாழும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. பென்சீன் என்னும் வேதிப்பொருள் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக அளவில் நிறுவப்பட்ட உண்மை. கரைப்பான்கள், பசைகள், எரிபொருள்கள் புழங்கும் இடங்களில் பணிபுரிவோர் முகக்கவசம், கையுறை, காற்றோட்டம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது அடம்பிடிப்பது ஆகாது, உரிமை. பென்சீன் நச்சு, சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. ஒருவருக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வருமுன் காப்பது எல்லோராலும் முடியும்.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்தாயிற்றே என்று மாற்று சிகிச்சை முடிந்து வந்தவரின் வீட்டில் கூட்டமாகத் திரள்வதையும் தவிர்ப்போம். அங்கே நம் அன்பே தொற்றாக மாறிவிடக்கூடும். தொலைபேசியில் ஸலாம் சொல்வதும், அவ்வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், மருத்துவமனைக்குப் போய்வர வண்டி ஏற்பாடு செய்வதும் அந்த நாட்களில் சிறந்த நலம் விசாரிப்பு. தேனும் கருஞ்சீரகமும் கொடுக்க விரும்புவோர் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும். எதிர்ப்பாற்றல் இல்லாத காலத்தில் காய்ச்சாத தேனைக்கூட மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வதுண்டு. ஓதிப்பார்ப்பதும் துஆவும் என்றும் நம் துணை. அவை சிகிச்சைக்கு வலு சேர்ப்பவை. அதன் இடத்தில் வைக்கப்பட வேண்டியவை அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுவதே தவக்குல் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தந்தைக்கு நாம் சொன்னது

மறுவாரம் அவருடன் நம்முள் இருவர் மருத்துவமனைக்குச் சென்றனர். மேலே எழுதிய கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போயினர். மருத்துவர் பொறுமையோடு விடை அளித்தார். ஆக்சிஜன் அறை அவனுக்கான சிகிச்சைத் திட்டத்தில் இல்லை. அத்தகைய ஆய்வு எதுவும் அங்கே நடைபெறவுமில்லை. இந்நிலையில் அவனை அங்குமிங்கும் அலைக்கழிப்பது தீங்கு என்றார். அந்தத் தொகை இப்போது மருத்துவமனைக்கு அருகில் வீடு எடுப்பதற்காக வைக்கப்பட்டிருக்கிறது. தங்கை தானாகவே முன்வந்து மாதிரி கொடுத்திருக்கிறாள். முடிவுக்காக அக்குடும்பம் காத்திருக்கிறது.

மறுமையில் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டாரே, அவருக்கு நம் விடை இதுதான்: அறிந்தவர்களிடம் கேட்டேன், அறியாதவர்களின் வாக்குறுதிக்கு என் பிள்ளையை ஒப்படைக்கவில்லை, கையில் இருந்ததைச் சரியான இடத்தில் செலவிட்டேன், அதன்பின் உன்னிடமே கையேந்தினேன், யா அல்லாஹ். இவ்வாறு சொல்ல முடிந்த தந்தையிடம் வேறென்ன கேட்கப்படப் போகிறது?

நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம் என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி. வரும் ஜும்ஆவில் கொடையாளர் பதிவு முகாம் நடத்துவது பற்றி நம் நிர்வாகிகளிடம் பேச எண்ணியுள்ளோம். உங்கள் மஹல்லாவிலும் அதைத் தொடங்குங்கள். நோயுற்ற ஒவ்வொருவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. அவர்களுக்குத் துணை நிற்கும் தகுதியை நமக்கு அருள்வானாக. ஆமீன்.